இந்த ஆற்றில் இறங்கலாமா?

அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது: 1983 ஜூலை 1. அதிபர் நிக்சன் கையெழுத்திட மறுத்தும், அவரை மீறி 1972இல் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் அது. முடிந்த இடங்களில் எல்லாம் அந்தத் தேதிக்குள் நாட்டின் நீர்நிலைகள் மீன்கள் வாழவும் மனிதர்கள் இறங்கி விளையாடவும் ஏற்றவையாகிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1984இல், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஹியூரன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ வந்தது. நம் வீடுகளில் பொதுவாக மஞ்சள் காமாலை என்று சொல்வோமே, அதில் ஒரு வகை. பள்ளிக்குப் பக்கத்தில் ஓடும் ஹியூரன் ஆற்றில் அவர்கள் விண்ட்சர்ஃபிங் செய்திருந்தார்கள். பாய் கட்டிய பலகையில் நின்று காற்றின் போக்கில் ஓட்டும் விளையாட்டு. பழகும்போது பத்து தடவையாவது தண்ணிக்குள்ள விழாம யாரும் கத்துக்க முடியாது. விழுந்தால் ஒரு வாய் ஆற்று நீர் உள்ளே போகும்.

இப்படி நடந்தால் பள்ளிகள் வழக்கமாக என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்று சபைக்கூடலில் ஓர் அறிவிப்பு. பெற்றோருக்கு ஒரு கடிதம். அந்தப் பள்ளியின் உயிரியல் ஆசிரியர் வேறொன்று செய்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ஸ்டாப் என்ற பேராசிரியரைத் தொடர்புகொண்டார். ஸ்டாப் தன் பட்டமேற்படிப்பு மாணவர்களோடு வந்தார். வகுப்பு ஆற்றங்கரைக்குப் போனது. மாணவர்கள் தாங்களே நீரை மொண்டு சோதித்தார்கள். கழிவுக் கிருமிகளின் அளவு கூடுதலாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனபோது, பழுதான மழைநீர் வடிகால்கள் வரை அந்தத் தடம் போய் நின்றது. அவர்கள் நகர நிர்வாகத்திடம் பேசினார்கள்.

சுற்றுச்சூழல் கல்வியின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்போது நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. மாநாடுகள், பிரகடனங்கள், கொள்கை ஆவணங்கள் எல்லாம் அந்த வரலாற்றில் உண்டு. ஆனால் அந்த வகுப்பு கேட்ட கேள்வி மிக எளிமையானது. இந்த ஆற்றில் இறங்கலாமா? அதற்குப் பதில் தெரிந்துகொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

பூ, மண், ஆறு

பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துப்போவது புதிய யோசனை இல்லை. 1911இல் அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் ஆசிரியர்களுக்காக எழுதிய இயற்கைக் கல்விக் கையேடு அமெரிக்காவில் பல தலைமுறைகளாக அச்சில் இருந்தது. இலை, பூச்சி, பறவை ஆகியவற்றைக் கண்ணால் பார், கையால் தொடு, வரைந்து வை என்பது அந்தக் கல்வியின் முறை. 1930களில் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்துபோனபோது இரண்டாவது கட்டம் வந்தது. மண்ணையும் காட்டையும் வீணாக்காமல் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் பாதுகாப்புக் கல்வி அது. முதலாவது ரசிக்கச் சொன்னது, இரண்டாவது சிக்கனமாக இருக்கச் சொன்னது. இரண்டுமே 'யார் இதைக் கெடுத்தார்கள்?' என்று பெரிதாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை 1962இல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' பூச்சிக்கொல்லிகளை முன்வைத்துக் கேட்டது. 1969 ஜூன் மாதம் கிளீவ்லாந்து நகரில் குயஹோகா ஆறு தீப்பிடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் டெட்ராய்ட் பக்கத்தில் ரூஜ் ஆறும் எரிந்தது. ஆறு எரிவது என்றால் நீரின் மேல் படிந்த எண்ணெயும் குப்பையும் எரிவது. அதே 1969இல்தான் ஸ்டாப்பும் அவருடைய மாணவர்களும் 'சுற்றுச்சூழல் கல்வி' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை எழுதி, அந்தத் துறைக்கென்றே தொடங்கப்பட்ட ஆய்விதழின் முதல் இதழில் வெளியிட்டார்கள். அதன் சாரம் மூன்று படிகளைக் கொண்டது. குடிமக்களுக்குச் சுற்றுச்சூழலையும் அதன் சிக்கல்களையும் பற்றிய அறிவு வேண்டும். அவற்றைத் தீர்க்க என்ன வழி என்று தெரிய வேண்டும். தீர்க்க வேண்டும் என்ற உந்துதலும் வேண்டும்.

ஸ்டாப் பல்கலைக்கழகத்திலேயே இருந்துவிட்ட ஆள் இல்லை. பள்ளியில் உயிரியல் கற்பித்தவர். ஆன் ஆர்பர் பள்ளிகளின் இயற்கைப் பாதுகாப்புக் கல்விக்காக வேலை செய்தவர். 1970 மார்ச் மாதம், முதல் புவி தினத்துக்கு ஒரு மாதம் முன்னால், மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய பெரிய சுற்றுச்சூழல் விவாத நிகழ்வுக்குத் துணைநின்றவர்களில் ஒருவர். 70களின் நடுவில் யுனெஸ்கோவின் சுற்றுச்சூழல் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வழிநடத்தினார். 1975இல் பெல்கிரேடிலும், 1977 அக்டோபரில் அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசியிலும் நடந்த கூட்டங்கள் அந்த வழியில் வந்தவை.

திபிலிசி பிரகடனம் சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது. விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளிகளில் நடக்கும் பெரும்பாலான சுற்றுச்சூழல் நிகழ்ச்சிகளை இந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுவரொட்டி வரையும் போட்டி, மறுசுழற்சித் தொட்டி, கோத்தோங் ரோயோங், மரக்கன்று நட்டுப் படம் எடுப்பது. முதல் படியில் நன்றாகவே நிற்கிறோம். மூன்றாவது வரை எட்டிப் பார்க்கிறோம். நான்காவதும் ஐந்தாவதும் வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

ஒன்பது சோதனைகள்

ஹியூரன் ஆற்றில் தொடங்கிய வேலை ஒரு முறையாக வளர்ந்தது. மார்க் மிட்செலும் ஸ்டாப்பும் எழுதிய நீர்த்தரக் களக் கையேடு பல பதிப்புகள் கண்டது. 1970இல் அமெரிக்காவில் நீர்த்தர வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு உருவாக்கிய ஒரு குறியீட்டெண்ணை அவர்கள் பள்ளி மாணவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்பது சோதனைகள்: கரைந்த உயிர்வளி, மலக் கோலிஃபார்ம், அமிலக் காரத்தன்மை, உயிர்வேதி உயிர்வளித் தேவை, வெப்பநிலை மாற்றம், பாஸ்பேட், நைட்ரேட், கலங்கல், மொத்தத் திடப்பொருள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஆற்றுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் கிடைக்கும். பரீட்சை எழுதி எழுதிச் சலித்த பிள்ளைகள் ஆற்றுக்கு மார்க் போடுவது கொஞ்சம் குறும்பான விஷயம்தான்.

இந்தச் சோதனைகளின் அருமை அவை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. கரைந்த உயிர்வளியைப் பார்க்க நீரில் வேதிப்பொருள்கள் சேர்த்து, மாவுக் கரைசலால் நீலமாக்கி, அந்த நீலம் மறையும்வரை துளித்துளியாக விட்டு எண்ண வேண்டும். ஒரு துளி கூடினால் மறுபடி முதலிலிருந்து. உயிர்வேதி உயிர்வளித் தேவைக்கு ஒரு புட்டி நீரை 20 பாகை செல்சியஸில் ஐந்து நாள் இருட்டில் வைக்க வேண்டும். முதல் நாள் இருந்த உயிர்வளியில் ஐந்தாம் நாள் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், நீரிலுள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு குடித்துவிட்டன என்று தெரியும்.

மலக் கோலிஃபார்ம் சோதனைதான் அந்த வகுப்புக்கு முக்கியமானது. அளந்தெடுத்த நீரை மிக நுண்ணிய வடிதாள் வழியாக உறிஞ்சி, அந்தத் தாளை ஊட்டம் நனைத்த தட்டில் வைத்து, 44.5 பாகையில் ஒரு நாள் சூட்டில் விடுவார்கள். மறுநாள் தட்டில் நீலப் புள்ளிகள் முளைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இரவோடு இரவாகப் பெருகி ஒரு புள்ளியாகியிருக்கும். புள்ளிகளை எண்ண வேண்டியதுதான். உடல் முழுக்க நனையும்படி இறங்குவதற்கு 100 மில்லிலிட்டரில் 200 என்பது அன்று அங்கே எல்லையாக இருந்தது.

ஹெப்படைட்டிஸ் ஏ ஒரு வைரஸ். கோலிஃபார்ம் ஒரு பாக்டீரியா. ஆகவே இந்தச் சோதனை நோய்க்கிருமியையே பிடித்துக் காட்டுவதில்லை. நீரில் மலம் கலந்திருக்கிறது என்பதற்கான அடையாளத்தை மட்டுமே காட்டுகிறது. ஹெப்படைட்டிஸ் ஏ உடலுக்குள் போய் வெளியே தெரிய இரண்டு முதல் ஏழு வாரம் ஆகும். காய்ச்சல் வரும்போது அந்த மாணவர்கள் விழுங்கிய நீர் எப்போதோ ஈரி ஏரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இதைப் புரிந்துகொண்ட மாணவர், 'ஆத்துல விழுந்தான், அதான் வந்துச்சு' என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லமாட்டார். 'இருக்கலாம்' என்று சொல்லக் கற்றுக்கொள்வார். சான்று எது, ஊகம் எது என்று பிரிக்கும் அந்தப் பழக்கம் எந்த மேடைப் பேச்சுப் போட்டியிலும் கிடைக்காது.

ரூஜ் ஆற்றின் இரு கரைகள்

1987இல் இந்த முறை ரூஜ் ஆற்றுக்குப் போனது. ரூஜ், டெட்ராய்டின் புறநகர்களில் கிளைகளாகத் தொடங்கி, நகருக்குள் புகுந்து, ஹென்றி ஃபோர்டின் மாபெரும் கார்த் தொழிற்சாலையைத் தொட்டுக்கொண்டு டெட்ராய்ட் ஆற்றில் கலக்கிறது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்பு அங்கே இருந்தது. பெருமழை பெய்தால் குழாய் கொள்ளாது. மிஞ்சியது நேராக ஆற்றில். 1985இல் ரூஜில் தவறி விழுந்து நீரை விழுங்கிய ஓர் இளைஞர் லெப்டோஸ்பைரோசிஸ் நோயால் இறந்தார். நாம் 'கெஞ்சிங் தீக்குஸ்' என்று சொல்லும் எலிக்காய்ச்சல். அடுத்த ஆண்டு 'ரூஜின் நண்பர்கள்' என்ற அமைப்பு உருவானது. அதற்கடுத்த ஆண்டு பள்ளிகள் வந்தன.

அந்தத் திட்டத்தில் என்னை ஈர்ப்பது அதன் வரைபடம். ஆற்றின் மேற்பகுதிகளில் வெள்ளையர்கள் வாழும் வசதியான புறநகர்கள். கீழே, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் டெட்ராய்ட். 1967 கலவரத்துக்குப் பிறகு இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையே போக்குவரத்து குறைந்துபோயிருந்தது. ஆனால் ஆறு இரண்டு வழியாகவும் ஓடியது. இரு பக்கப் பள்ளிகளும் ஒரே பருவத்தில் நீரைச் சோதித்தன. முடிவுகளைக் கணினி வழியாகப் பகிர்ந்தன. 80களின் கடைசியில் அது பெரிய விஷயம். பிறகு மாணவர் பேரவை என்று ஓரிடத்தில் கூடிப் பேசின. மேல்பகுதிப் பிள்ளைகள் தங்கள் புல்வெளிக்குப் போடும் உரம் யார் வாசலுக்குப் போகிறது என்பதை அந்த வாசலில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அது. 1989இல் ஸ்டாப் இதை உலக நதிகள் சுற்றுச்சூழல் கல்வி வலைப்பின்னலாக விரித்தார். பல நாட்டுப் பள்ளிகள் அதில் சேர்ந்தன. ஸ்டாப் 2001இல் இறந்தார். ரூஜ் கல்வித் திட்டம் அதன் பிறகும் நடந்துவருகிறது.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். ரூஜ் ஆற்றைச் சுத்தம் செய்தது மாணவர்கள் இல்லை. 1992க்குப் பிறகு மத்திய அரசின் பணத்தோடு, நீதிமன்றத்தின் கண்காணிப்போடு, பொறியாளர்கள் கட்டிய தேக்கத் தொட்டிகளும் பிரித்த குழாய்களும்தான் அதைச் செய்தன. பிள்ளைகள் கையில் சோதனைப் பெட்டியைக் கொடுத்தால் ஆறு தெளிந்துவிடும் என்று சொல்வது ஏமாற்று. ஆனால் அத்தனை பணமும் ஆற்றுக்குப் போக வேண்டும் என்று ஒத்துக்கொள்கிற ஊர் வேண்டுமே? ஆற்றின் எண்களை வாசிக்கத் தெரிந்த வீடுகள் வேண்டுமே? பள்ளியால் செய்ய முடிந்தது அதுதான்.

கிம் கிம்

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2019 மார்ச் 7 அன்று ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டது தெரியவந்தது. முதலில் மூச்சுத் திணறியவர்களில் ஆற்றுக்கு அருகே இருந்த பள்ளிகளின் மாணவர்கள் இருந்தார்கள். சில நாளில் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது. மார்ச் 13 அன்று கல்வி அமைச்சு அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூடியது. ஜூன் மாதம் மறுபடி பிள்ளைகள் மயங்கினார்கள், மறுபடி பள்ளிகள் மூடப்பட்டன.

மூடியது சரியான முடிவு. நச்சுக் காற்றுக்கு நடுவில் யாரும் நீர் மொள்ளப் போகக்கூடாது. ஆனாலும் ஆன் ஆர்பரையும் பாசிர் கூடாங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஓரிடத்தில் மாணவர்கள் நோயுற்றதிலிருந்து பாடம் தொடங்கியது. இன்னோரிடத்தில் மாணவர்களின் நுரையீரலே அளவுகருவியானது. கருவி சொன்னதைக் குறித்துக்கொண்டோம். கருவிக்கு விளக்கம் கொடுத்தோமா?

மலேசியாவில் 1974இலேயே சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்துவிட்டது. 1991இல் கல்வி அமைச்சும் மலேசிய இயற்கைச் சங்கமும் சேர்ந்து பள்ளிகளில் இயற்கை ஆர்வலர் கழகங்களைத் தொடங்கின. 1997 முதல் பினாங்கில் 'வாட்டர் வாட்ச்' அமைப்பு இயங்குகிறது. ஆகவே இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடும் உண்டு. ஆறு அளவுகள்: கரைந்த உயிர்வளி, உயிர்வேதி உயிர்வளித் தேவை, வேதி உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமிலக் காரத்தன்மை. இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். மலக் கோலிஃபார்ம் அதில் இல்லை. தேசிய நீர்த்தர நியமங்களில் தனியாக இருக்கிறது, ஆற்றுக்குப் போடும் மதிப்பெண்ணில் இல்லை. 'இந்த ஆற்றில் இறங்கலாமா?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த மதிப்பெண் மட்டும் பதில் சொல்லாது. ஆன் ஆர்பர் வகுப்பின் சிக்கலைக் காட்டிக்கொடுத்த அந்த ஒரு சோதனையைத் தேடி நாம் வேறு தாளைப் புரட்ட வேண்டும்.

நான் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறவன். சில ஆண்டுகளாகப் படிவம் நான்கு மாணவர்களோடு ஓர் ஓடையை அளக்கிறேன். பெயர் சொல்ல வேண்டிய ஓடை இல்லை. மழை நாளில் ஆறு, வெயில் நாளில் லொங்காங். ஒருமுறை மேல் பாலத்தில் கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 6 மில்லிகிராம். கீழ்ப் பாலத்தில் 3.

"சார், நடுவுல என்னமோ இருக்கு," என்றாள் ஒரு மாணவி.

"என்ன இருக்கும்?"

"தெரியாது சார். நடந்து பார்த்தாத்தான் தெரியும்."

நடந்தோம். புதருக்குள் ஒரு குழாய் இருந்தது. அதற்குப் பின்னால் யாருடைய சுவர் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் எண்களை மட்டும் எழுதி, வரைபடம் போட்டு, ஓர் அறிக்கை தயாரித்தார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. 'மேலே 6, கீழே 3, மூன்று வெவ்வேறு நாட்களில்' என்று மட்டும். அதை அனுப்பலாமா என்று கேட்டபோது அலுவலகத்தில் ஒரு கேள்வி வந்தது: "இது பாடத்திட்டத்துல இருக்கா?" அடுத்து ஓர் ஆலோசனை வந்தது: இதையே ஒரு சுவரொட்டியாகச் செய்தால் மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாமே.

அந்த ஆலோசனையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சுவரொட்டி யாரையும் தொந்தரவு செய்யாது. 'ஆற்றைக் காப்போம்' என்று எழுதினால் எல்லாரும் கைதட்டலாம், குழாய்க்குச் சொந்தக்காரர் உட்பட. 3 என்று எழுதினால் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அறிக்கை கடைசியில் மாணவர்களின் கையெழுத்தோடு நகராண்மைக்குப் போனது. ஒரு வரியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. பிள்ளைகள் அந்தப் பதிலையும் தேதியிட்டுக் கோப்பில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அந்தக் கோப்பிலிருந்துதான் தொடங்கினார்கள்.

ஆசிரியரின் வேலை

ஹியூரன் பள்ளி ஆசிரியரைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. ஸ்டாப்பின் பெயர்தான் நிற்கிறது. ஆனால் முதல் அடியை வைத்தவர் அந்த ஆசிரியர். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். பதில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாத ஒரு கேள்வியை வகுப்புக்குள் அனுமதித்தார். பரிசோதனை என்ற பெயரில் நம் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் நடப்பது, புத்தகத்தில் ஏற்கெனவே அச்சான விடையை மறுபடி வரவழைப்பதுதான். ஆற்றின் விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை மொண்டு வருகிறவர் கையில்தான் முதன்முதலில் தெரியும். அந்தக் கணத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே அளவு அறியாதவர்கள்.

சுற்றுச்சூழலைப் பற்றி எழுதும் இளம் தமிழ் எழுத்தாளர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். ஆறு நம் எழுத்தில் எப்போதும் தாயாகவோ தெய்வமாகவோ கண்ணீராகவோ வருகிறது. அதில் தவறில்லை. கூடவே உங்கள் வீட்டுக்கு அருகில் ஓடும் நீரின் ஓர் எண்ணையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எளிய சோதனைப் பெட்டி விலைக்குக் கிடைக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள், நெடி அடித்தால் திரும்பிவிடுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. தேதி, நேரம், இடம், எண். அவ்வளவுதான். இரண்டாவது முறை எண் மாறியிருந்தால் 'ஏன்?' என்று கேட்கத் தோன்றும். கேட்டுவிட்டால் அப்புறம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.